தண்ணீர் எங்கும் போகவில்லை

ஏற்காடு,
கார்த்திகை மாதம், மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கோமதிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பேத்தியின் காதுகுத்துக்கு வராததற்கும், அதன்பின் எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாததற்கும் நீ என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகன் வேலை பார்க்கும் காபித் தோட்டத்துக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். இங்கே சேலத்து வெயிலும் இல்லை, தட்டுவடை செட்டும் இல்லை. மற்ற ஊர்க்கதைகளெல்லாம் அடுத்த கடிதத்தில். இன்று எழுத உட்கார்ந்தது, உன் வேதியியல் பாடத்தில் நான் செய்த ஒரு தவறைப் பற்றி.

ஆவணியில் எனக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். சிரிக்காதே, இருபது ஆண்டுகள் உன் பக்கத்து வகுப்பறையில் பாடம் நடத்தியவளுக்குக் காது போகாமல் இருந்தால்தான் அதிசயம். இரவில் அதைக் கழற்றி வைக்க ஒரு சிறு டப்பாவும், அதன் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய நீல நிற சிலிக்கா ஜெல் மணிகளும் தந்து, அவை இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டதாக அர்த்தம், சூடு காட்டினால் மறுபடி நீலமாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். சேலத்தில் இரண்டு மாதம் நீலமாகவே இருந்த மணிகள், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்த மூன்றாம் நாள் காலையில் வெளிறிய மாதுளை முத்துகளாகிவிட்டன. சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊரில் அவற்றைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் பணியாரச் சட்டியை அடுப்பில் ஏற்றி, குழிக்கு ஒரு சிட்டிகையாக மணிகளைப் போட்டு வறுத்தேன். ஓரத்தில் கிடந்தவை முதலில் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி, பிறகு ஒவ்வொரு குழியாக நீலம் ஏறிக்கொண்டு வந்ததைப் பேரனும் நானும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றோம். "தண்ணிக்குத்தான் கலரே இல்லையே பாட்டி, அது போனா மட்டும் எதுக்கு நீலமாகணும்?" என்று கேட்டான். கோபால்ட் குளோரைடு அப்படித்தான், நீர் ஏறினால் இளஞ்சிவப்பு, நீங்கினால் நீலம் என்று முப்பது ஆண்டுகளாகச் சொன்னதையே அவனிடமும் சொன்னேன். சொல்லி முடித்த அந்த நொடியில், இடப்பக்கம் சாய்ந்த ஒரு கையெழுத்து என் கண்முன் வந்து நின்றது.

நீ பிரசவ விடுப்பில் போன ஆண்டு, மூன்று மாதத்துக்கு உன் ஆய்வகத்தைப் பெரிய டீச்சர் என் தலையில் கட்டினாரே, அப்போது நடந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு. ஒரு பெண்ணுக்குக் கோபால்ட் குளோரைடு வந்திருந்தது. அவள் அந்த இளஞ்சிவப்பு உப்பில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டிருக்கிறாள், கரைசல் நீலமாகியிருக்கிறது. பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து இளஞ்சிவப்புக்குக் கொண்டு வந்து, குழாயை வெந்நீரில் வைத்து மறுபடி நீலமாக்கி, குழாயடியில் குளிரவைத்து மறுபடி இளஞ்சிவப்பாக்கியிருக்கிறாள். நான் சொல்லாத வேலை இவ்வளவையும் செய்ததோடு நில்லாமல், திரவம் நின்ற மட்டத்தில் சோதனைக் குழாயின் மேல் பேனாவால் ஒரு கோடும் போட்டு வைத்திருந்தாள். "சூடாக்கினால் நீலமாகிறது, ஆனால் கோடு இறங்கவில்லை, தண்ணீர் எங்கும் போகவில்லை" என்று அப்சர்வேஷன் நோட்டில் எழுதியிருந்தாள். நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "வெப்பத்தால் நீர் நீங்கியதே காரணம்" என்று திருத்தி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இலையில் காகிதத்தை ஒட்டி நீராவிப்போக்கு காட்டிய தாவரவியல்காரிக்கு அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை. தெரியாததைவிட, பக்கத்து அறையிலிருந்த உன் புத்தகத்தை எடுத்துப் பார்க்காததுதான் இப்போது உறுத்துகிறது.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் குடியிருக்கிறாள். இங்குள்ள பள்ளியொன்றில் வேதியியல் ஆசிரியை. சனிக்கிழமை அவளுடைய ஆய்வகத்தில் அந்தச் சோதனையை அப்படியே செய்து காட்டச் சொன்னேன். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அந்தச் சூடே போதுமானதாக இருந்தது. இளஞ்சிவப்புக் கரைசலை வெந்நீரில் இறக்கியதும் ஊதாவாகி, மைப்புட்டியைப் போன்ற நீலமாகிவிட்டது. நானும் கோடு போட்டுப் பார்த்தேன், கோமதி. இறங்கவில்லை.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று திருத்து. கரைசலில் ஒவ்வொரு கோபால்ட் அயனியையும் ஆறு நீர் மூலக்கூறுகள் மேலும் கீழும் நாலு பக்கமுமாக, அதாவது எண்முகியாகச் சூழ்ந்திருந்தால் அது இளஞ்சிவப்பு. குளோரைடு அயனிகள் ஏராளமாக இருக்கையில், அந்த ஆறையும் தள்ளிவிட்டு நான்கு குளோரைடுகள் நான்முகியாக வந்து அமர்ந்தால் நீலம். தள்ளப்பட்ட நீர் அதே குழாயில்தான் கிடக்கிறது. கோபால்ட்டின் கையை மட்டும் விட்டிருக்கிறது. இப்படிச் சூழப்பட்ட இரண்டு வகை அயனிகளும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே சமநிலையில் இருக்கின்றன. நீலத்தை நோக்கிப் போகும் வினை சூட்டை உள்ளே இழுக்கும் வெப்பம் கொள்வினை என்பதால் சூடாக்கினால் அந்தப் பக்கமும் குளிர்வித்தால் இந்தப் பக்கமும் சாய்கிறது. இந்தச் சாய்வுக்கு விதி சொன்ன லீ சாட்லியர் பெயரை நீ வகுப்பில் உச்சரிக்கும் அழகைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன், என்ன சொல்கிறாய் என்றுதான் கேட்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்துப்போனது எண்ணிக்கைக் கணக்கு: ஒரு நீரேற்ற அயனியும் நான்கு குளோரைடுகளுமாக ஐந்து துகள்கள் உள்ளே போனால், ஒரு நீல அயனியும் ஆறு நீர் மூலக்கூறுகளுமாக ஏழு வெளியே வருகின்றன. சூடு ஏறினால் கூட்டம் கலையத்தானே பார்க்கும்.

நீலம் ஏன் அவ்வளவு அழுத்தமாகவும் இளஞ்சிவப்பு ஏன் ரோஸ்மில்க்கில் தண்ணீர் கலந்தது போலவும் இருக்கின்றன என்பதற்கும் விடை கிடைத்தது. எண்முகிக்கு நடுவில் சமச்சீர் மையம் உண்டு, அதாவது ஒரு பக்கம் இருப்பதற்கு நேர் எதிரிலும் அதே போல ஒன்று இருக்கும்; நான்முகிக்கு அது இல்லை. அந்தச் சமச்சீர் கெடும்போது கோபால்ட்டின் எலக்ட்ரான்கள் ஒளியை ஏறத்தாழ நூறு மடங்கு வலுவாக உறிஞ்சுகின்றன. ஆகவே சிறு பங்கு நான்முகியாக மாறினாலே போதும், குழாய் முழுவதும் நீலமாகத் தெரியும்.

ஆனால் நீலத்தைக் கண்டதும் நான்முகி என்று முடிவு கட்டிவிடக் கூடாதாம். நீரற்ற கோபால்ட் குளோரைடு படிகமும் நீலம்தான். அதில் கோபால்ட்டைச் சுற்றி ஆறு குளோரைடுகள் இருக்கின்றன. ஆறு நீர் கொண்ட இளஞ்சிவப்புப் படிகத்திலோ, கோபால்ட்டைத் தொட்டுக்கொண்டிருப்பவை நான்கு நீரும் இரண்டு குளோரைடுகளும் மட்டுமே. மீதி இரண்டு நீர் படிகத்துக்குள் சும்மா தங்கியிருக்கின்றன, கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு மட்டும் வந்த உறவினரைப் போல. வாய்ப்பாடாக மனப்பாடம் செய்தபோது அந்த ஆறும் ஒரே மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். பேரன் கேட்டதற்கு உண்மையான விடை, தண்ணீருக்கு நிறம் இல்லாவிட்டாலும் கோபால்ட்டுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்தால் கோபால்ட்டின் நிறம் வேறு என்பதுதான்.

என் பாடத்தையும் விட்டுவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்த, கோபால்ட் குளோரைடில் தோய்த்து உலர்த்திய நீலத் தாள்களைக் காபி இலையின் இரு பக்கமும் வைத்துக் கண்ணாடிச் சில்லுகளால் கவ்விப் பார்த்தோம். காபிக்கு இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் மட்டுமே உண்டு என்பதால் அடித்தாள் முதலில் சிவந்திருக்க வேண்டும். ஈரம் ஏறாமல் காக்கும் டெசிகேட்டர் ஜாடியிலிருந்து எடுத்து இலைக்குக் கொண்டு போவதற்குள்ளாகவே இரண்டு தாளும் சிவந்துவிட்டன. மூன்றாவது முயற்சியில், கணப்பு மூட்டிய அறைக்குள் தொட்டிச் செடியைக் கொண்டுபோய் வைத்த பிறகே அடித்தாள் எனக்கு மானம் காத்தது. 1737இல் பிரான்சில் எலோ என்பவர் விவரித்த, கண்ணுக்குத் தெரியாத கோபால்ட் மை ஞாபகம் இருக்கிறதா? எழுதிக் காய்ந்தால் தெரியாது, சூடு காட்டினால் நீல எழுத்து, ஈரக் காற்று பட்டால் மறுபடி மறைந்துவிடும். விடுதியில் அந்த மையால் ரகசியக் கடிதம் எழுதி மாட்டிக்கொண்டாளே, அந்தப் புண்ணியவதி அதை ஏற்காட்டில் செய்திருந்தால் வார்டன் கையில் வெறும் காகிதம்தான் சிக்கியிருக்கும்.

இனி நீ கோபப்படப் போகும் பகுதி. பணியாரச் சட்டியில் வறுத்தேன் என்றதும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. 2008இலேயே ஐரோப்பிய ஒன்றியம் கோபால்ட் குளோரைடை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டதாம். அதன் தூளை மூச்சில் இழுத்தால் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம், தோலுக்கும் ஒவ்வாமை. 1960களில் கனடாவின் கியூபெக் நகரில் பீரின் நுரை நிற்பதற்காகக் கோபால்ட் உப்பைக் கலந்து, அதை மிகுதியாகக் குடித்தவர்களில் பலர் இதயம் பழுதாகி இறந்ததையும் சொன்னாள். மருத்துவர் எனக்குப் போடும் சிவப்பு நிற பி12 ஊசியிலும் கோபால்ட் இருக்கிறதே என்று வாதாடிப் பார்த்தேன். அது வேறு கூண்டுக்குள் இருக்கும் கோபால்ட், இது அவிழ்த்துவிட்டது என்று வாயை அடைத்துவிட்டாள். நீயும் நானும் எத்தனை ஆண்டுகள் அந்தத் தாள்களை வெறுங்கையால் நனைத்து, அடுப்பின் மேல் பிடித்து உலர்த்தி, பிள்ளைகளையும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறோம்! இரண்டு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மிகச் சிறிய அளவுதான், பயப்படாதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். இருந்தாலும் நீ ஒருமுறை சொன்னால்தான் எனக்குச் சமாதானம் வரும். டப்பாவுக்குக் கோபால்ட் இல்லாத ஆரஞ்சு நிற மணிகளை மகன் வரவழைத்துவிட்டான். பணியாரச் சட்டியில் இப்போது பால்சம் செடி வளர்கிறது.

ஒரே ஒரு காரியம் செய். பழைய மதிப்பெண் நோட்டுகளை நீ இன்னும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ விடுப்பு முடிந்து வந்த அடுத்த ஆண்டு அந்தப் பெண் உன்னிடம் பிளஸ் டூ படித்தாள். ரெட்டைச் சடை, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து, அயோத்தியாப்பட்டணம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், மழை நாளில் தாமதமாகத்தான் வருவாள். எவ்வளவு யோசித்தும் பெயர் வரவில்லை. தேடிப் பார்த்து எழுது. முகவரியும் தெரிந்தால் சேர்த்து எழுது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உன் பழைய பக்கத்து வகுப்புக்காரி