பூச்சி உண்ணும் செடிகள்: ஞாயிறு காலை தண்ணீர்ப் பரிசோதனை

மாடித்தோட்டக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீனஸ் ஃப்ளைட்ராப், டிரோசெரா, நெப்பந்தஸ் ஆகியவை சத்துக் குறைந்த மண்ணில் வளர்ந்து பழகியவை என்பதால், பெரம்பூரில் நமது குடியிருப்பின் போர்வெல் தண்ணீரில் கரைந்துள்ள உப்பு தொட்டியில் சேரச் சேர, அவற்றின் வேர்கள் கருகிவிடுகின்றன. சென்ற கோடையில் நான் இரண்டு செடிகளை இப்படித்தான் இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு, பி பிளாக் மொட்டைமாடியில், அனைவரின் தண்ணீரையும், கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளக்க இருக்கிறோம்.

1. செடிக்கு ஊற்றும் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் கொண்டு வந்து, அது போர்வெல்லா, மெட்ரோ வாட்டரா, ஆர்.ஓ.வா, ஏ.சி. தண்ணீரா என்று எழுதி ஒட்டவும்.

2. மீட்டர் காட்டும் அளவு 50 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் ஊற்றலாம். மிகுந்தால் மழைநீருக்கு மாறவும். கொதிக்கவைப்பதால் பயனில்லை, நீர் ஆவியாகி, உப்பு தங்கிவிடுவதால் அடர்த்தி கூடவே செய்யும். தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் ஆர்.ஓ. இயந்திரங்களும் உண்டு என்பதால், அந்தத் தண்ணீரையும் அளந்தே நம்பவும்.

3. செம்மண், மண்புழு உரம், கடற்கரை மணல் வேண்டாம். பீட் மாஸும் (மட்கிய பாசி) பெர்லைட்டும் (எடை குறைந்த வெண்ணிறக் கல் துகள்) போதும்.

4. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால், மழைநீரை மேலிருந்து தாராளமாக ஊற்றி, தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடவும்.

வருவோர் வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஃபிளாட் எண்ணையும் செடிகளின் எண்ணிக்கையையும் இங்கே பதிவிடக் கேட்டுக்கொள்கிறேன். மீட்டர் வைத்திருப்பவர்கள் அதையும் தெரிவிக்கவும்.