அரம் வைப்பதற்கு முன்னால் ஆலன் கீ

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கோடை விடுமுறை இசை வகுப்புகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசியில் பெட்டிக்குள், கிடார் இரைந்தால் கம்பியை மாற்றுங்கள், அப்படியும் போகாவிட்டால் கடையில் கொடுத்து பிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) தேய்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். போன வருடம் இதே யோசனையைக் கேட்டுத்தான் ஒரு நல்ல கிடாரை நான் கெடுத்துக்கொண்டேன்.

மகளுடைய கிடார் அது, சாதாரண ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக். விரல் வலிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தாள். 12 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன்) கம்பிகளைக் கழற்றிவிட்டு மெல்லிசாக 10 கேஜ் போட்டுக் கொடுத்தேன். சித்திரை மாதம், ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறை, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. பத்துப் பதினைந்து நாளில் முதல் ஐந்து கட்டத்துக்குள் தடித்த கம்பியை எங்கே அழுத்தினாலும் ஜிர்ர்ர் என்று ஒரு இரைச்சல், தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி. கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் எதையும் அளக்கவில்லை, "பிரெட் ஏற்ற இறக்கமா இருக்கு சார், தேச்சுரலாம்" என்றார். இரண்டு நாள் கழித்து வாங்கி வந்தால் இரைச்சல் அப்படியே இருக்கிறது, உருண்டையாக இருந்த பிரெட்டுகளின் தலை மட்டும் தட்டையாகிவிட்டது.

கோளாறு பிரெட்டில் இல்லவே இல்லை. 12 கேஜ் செட் ஒன்று சுருதி சேர்த்து நிற்கும்போது ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் நெக்கை, அதாவது கிடாரின் கழுத்தை, முன்பக்கம் இழுக்கின்றன. அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. நான் மெல்லிய கம்பி போட்டதும் இழுவையில் பத்துக் கிலோ போல் குறைந்தது, ராடின் கை ஓங்கி நெக் பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. போதாக்குறைக்கு ஏசிக் காற்றில் மரத்தின் ஈரம் வற்றினால் நெக் அதே திசையில் இன்னும் வளையக்கூடும், உடம்பின் மேல்பலகையும் கொஞ்சம் உள்வாங்கிக் கம்பிகள் இன்னும் தாழ்ந்துவிடும். அதிரும் கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும், சிறுமிகள் ஸ்கிப்பிங் ஆடும் கயிறு மாதிரி. அதற்கு இடம்விட நெக்கில் ஒரு மயிரிழைப் பள்ளம் வேண்டும். அது இல்லாவிட்டால் கம்பி பிரெட்டில் போய் இடிக்கத்தான் செய்யும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். சுருதி சேர்த்த பிறகு தடித்த கம்பியை முதல் பிரெட்டில் ஒரு கையாலும், நெக் உடம்போடு சேருமிடத்தில், அதாவது பெரும்பாலும் 14ஆவது பிரெட்டில், இன்னொரு கையாலும் அழுத்திக்கொண்டு 7ஆவது பிரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.2 மில்லிமீட்டர், 0.25 இருந்தால் சரி. டூவீலர் மெக்கானிக் டாப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் மெல்லிய தகடுகள், ஃபில்லர் கேஜ், இதற்கு அப்படியே பொருந்தும், நான் தெருமுனைக் கடையில்தான் இரவல் வாங்கினேன், கிடாருக்கா என்று கேட்டுச் சிரித்தார். என் மகளின் கிடாரில் அந்தத் தகட்டை நுழைக்கவே இடமில்லை, கம்பி பிரெட்டின் மேல் படுத்திருந்தது. ராடின் தலையில் ஆலன் கீயை (ஆறுபட்டைத் திருகுச்சாவி) போட்டு இடப்பக்கம் கால் சுற்று தளர்த்தினேன், அவ்வளவுதான். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகவே கூடாது. திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து, ஒரு ராத்திரி விட்டு மறுநாள் அளக்க வேண்டும். கீ திரும்ப மறுத்தால் முரட்டுத்தனம் காட்டாமல் நிறுத்திவிடுங்கள், ராட் முறிந்தால் பழுதுச் செலவில் புதுக் கிடாரே வாங்கிவிடலாம். நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிடார் பலவற்றில் ராடே இருக்காது, அதில் கீ நுழைக்கும் துளையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எல்லா இரைச்சலும் நெக்கால் வருவதில்லை என்பதும் உண்மை. எந்த இடத்தில் இரைகிறது என்பதை வைத்தே பாதியைச் சொல்லிவிடலாம். கம்பியை அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டு என்ற பட்டையில் வெட்டுப் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று அர்த்தம். 12ஆவது பிரெட்டுக்கு மேலே மட்டும் என்றால் பெரும்பாலும், உடம்பின் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சாடில் தாழ்ந்திருக்கும், அடியில் மெல்லிய பட்டை ஒன்றைக் கொடுத்து உயர்த்தலாம். 12ஆவது பிரெட் கம்பியின் நட்டநடு என்பதால் சாடிலை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் அங்கே அரை மில்லிமீட்டர்தான் உயரும். அக்கூஸ்டிக்கில் 12ஆவது பிரெட்டுக்கு மேல் தடித்த கம்பியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே, இது என் விரலுக்கு ஒத்துவரும் கணக்கு. அப்புறம் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் இரைகிறதா? பழைய ஏடிஎம் கார்டை மூன்று பிரெட் மட்டும் தொடுகிற நீளத்துக்கு வெட்டி, அதன் விளிம்பை நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். கடக் கடக் என்று ஆடினால் நடுப் பிரெட் தூக்கி நிற்கிறது, அப்போதுதான் அரத்துக்கு வேலை. சில சமயம் குற்றவாளி கம்பி முறுக்கும் சாவிக் கட்டையில் தளர்ந்த திருகு நட்டாகக்கூட இருக்கும். ஒருமுறை அரை மணி நேரம் தேடிய பிறகு அது என் சட்டைப் பித்தான் என்று தெரிந்தது.

நம் வீணையில் இந்தத் தொல்லை வேறு மாதிரி. பிரெட் மாதிரியான 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன, சரியில்லை என்றால் மெழுகை இளக்கி மெட்டுகளை மறுபடி பதித்துக்கொள்ளலாம், மேளம் கட்டுவது என்பார்கள். தம்புராவிலோ இந்த இரைச்சலுக்காகவே மெனக்கெட்டு நூல் வைக்கிறோம், ஜீவாளி என்று பெயரும் கொடுத்து. கிடாரில் அராவிய உலோகம் அராவியதுதான், திரும்பி வராது.

இப்போது அந்தக் கிடாரில் 11 கேஜ் கம்பி, இரவில் உறைக்குள் போய்விடுகிறது. இரைச்சல் போய்விட்டது, ஐந்தாவது கட்டத்தைத் தவிர. அங்கே அரம் பக்கத்துப் பிரெட்டைவிடக் கூடுதலாகத் தின்றிருக்கிறது, அழுத்தினால் கம்பி ஆறாவது பிரெட்டில் உரசுகிறது. பிரெட் மாற்ற வேண்டும், இன்னும் மாற்றவில்லை. அடுத்த தடவை அந்தப் பெட்டிச் செய்தியைப் போடும்போது, தேய்க்கக் கொடுப்பதற்கு முன் நெக்கை அளந்து பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.