அந்த 24 பேர்

அபர்டீன், ஸ்கொட்லாந்து,
நவம்பர்.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்பாயியும் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தினமும்தான் பேசுகிறோம். ஆனாலும் இந்த விஷயத்தை உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். தம்பியிடம் கொடுத்து அப்பாயிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே இப்போது பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. காலை ஷிப்ட் முடிந்து வருகிற நாட்களில் பக்கத்து நூலகத்துக்குப் போவேன். அங்கே மேல்மாடியில் அடிக்கடி ஊர் வரலாற்றுப் பேச்சு நடக்கும். டிக்கெட் கிடையாது, யாரும் போய் உட்காரலாம். மீன்பிடித் துறைமுகம், கருங்கல் குவாரி, 1943 இல் குண்டு விழுந்த தெருக்கள் என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று. வருகிறவர்கள் பெரும்பாலும் அப்பாயி வயசுக்காரர்கள். பேச்சு முடிந்ததும் தேத்தண்ணி தருவார்கள். அப்புறம்தான் நல்ல கதையெல்லாம் வெளியே வரும்.

போன மாதம் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, கைப்பையிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே மடிப்பு மடிப்பாகக் கிழிந்த காகிதம் ஒன்று. அவருடைய தாத்தா பண்ணைக் கூலி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சந்தையில் போய் நின்று வேலை பேசிக்கொண்டு, குதிரை லாயத்தை ஒட்டிய அறையில் நாலைந்து பேராகப் படுத்தவராம். காகிதத்தின் அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி இருந்தது. பாட்டி அதன்மேல் விரலை வைத்து, "இது அவர் கை" என்றார். எனக்கு நம் அப்பாயியின் கைநாட்டுதான் கண்ணுக்குள் வந்தது. குடிக்கணக்கெடுப்பு ஏடுகளை இங்கே 100 வருஷம் கழித்துத் திறந்து விடுகிறார்கள். 1921 ஆம் ஆண்டு ஏடு 2022 இல் திறந்தபோது, அதில் தாத்தாவின் பெயரை நூலகக்காரர்கள்தான் தேடிக் கொடுத்தார்களாம்.

சரி, நான் சொல்ல வந்தது போன கிழமை நடந்தது. அன்றைக்குப் பேச்சு ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி. ஆமாம் அப்பா, கண்டிப் பக்கத்து நம் லூல்கந்துர தோட்டத்து டெய்லர் துரைதான். அவர் பிறந்தது இங்கிருந்து ரயிலில் அரை மணிக்குச் சற்று மேலே போனால் வரும் லோரன்ஸ்கேர்க் பக்கம். 1852 இல் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு 17 வயசுகூட நிரம்பவில்லை. 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருஷத்தில் கோப்பியில் இலைநோய் வந்து, போகப் போக மலைநாடே தேயிலைக்கு மாறிவிட்டது. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அவர் நம் மலையிலிருந்து தன் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோ தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. அங்கிருந்து இங்கே ஒரு பிள்ளை எழுதிய கடிதம் 150 வருஷத்துக்கு மேல் இருக்கிறது! கேட்டதும் நெஞ்சை அடைத்தது.

1892 இல் டெய்லர் இறந்தபோது, உடலைக் கண்டி மஹையாவை மயானம்வரை 24 பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்றார் பேசியவர். கேள்வி நேரத்தில் கையை உயர்த்தினேன். நான் அந்த மலையிலிருந்து வந்தவள் என்று சொல்லி, "அந்த 24 பேருடைய பெயர் என்ன?" என்று கேட்டேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. தான் பார்த்த எந்தக் காகிதத்திலும் இல்லை என்றார் அவர். நம் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கே பேர் என்றுதான் சொல்கிறோம், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் அத்தனை பேர் எழுதினார்கள். துரையைத் தோளில் சுமந்தவர்களுடைய பேர் மட்டும் இல்லை.

அப்பா, சின்ன வயதில் எங்களை ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனீர்களே. 1925 இல் கட்டிய அந்த இஸ்டோரில், அதுதான் தேயிலை ஆலையில், கொழுந்தைச் சுருட்டும் பழைய ரோலரைக் கண்டதும் ஆளைக் கண்டதுபோலத் தட்டிக்கொடுத்து, எந்த இடத்தில் எண்ணெய் விட வேண்டும் என்று சொன்னீர்கள். அங்கே எழுதி வைத்திருந்ததைவிட நீங்கள் சொன்னதுதான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அப்பாயிக்கு முடிகிற காலத்தில் ஒரு வேன் பிடித்துப் போய் வாருங்கள், செலவை நான் அனுப்புகிறேன்.

இன்னொன்று. அப்பாயியின் தாத்தா லூல்கந்துரயில் பேர் பதிந்து வேலை செய்தவர் என்று சொல்வாரே, அவர் 1892 இல் வாலிபனாக இருந்திருப்பார். அவருடைய பேர்கூட எனக்குத் தெரியாது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிய சின்னத்தாத்தா இருந்திருந்தால் அவரிடமாவது கேட்கலாம். இப்போது அப்பாயி ஒருவர்தான். தகரப் பெட்டியில் இருக்கும் துண்டுச் சீட்டையும் பழைய கார்டுகளையும் தம்பி வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பட்டும். அப்பாயி ராத்திரி சாப்பிட்டு வெற்றிலை போட்ட பிறகுதான் நன்றாகப் பேசுவார். அப்போது போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதலில் அவருடைய தாத்தா பேரைக் கேளுங்கள். டெய்லர் துரையின் உடலைத் தூக்கியவர்களைப் பற்றி வீட்டில் ஏதாவது பேசினார்களா என்றும் கேளுங்கள்.

தம்பி படிப்பிக்கிற பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு சனிக்கிழமை இப்படி ஒரு கூட்டம் வைக்கலாம். தேத்தண்ணியும் உட்கார நாலு பெஞ்சும் போதும். அம்மா, குளிருக்குக் காலில் மேசோடு போடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்