நீலத்திரை வந்தவுடன் வட்டை அழிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் கணினி நீலத்திரை காட்டி நின்றுவிட்டால், "ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவித் தருவது பழுதுபார்க்கும் கடைகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் இந்தப் பழக்கத்தை வன்மையாக மறுக்கிறேன். பழுது வட்டிலா, அதை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளிலா, வேறெதிலாவதா என்பதைக் காட்டக்கூடிய முதன்மைச் சான்று அந்த அழிப்பிலேயே போய்விடுகிறது.

இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் நிலைகுலையும்போது விண்டோஸ் வழக்கமான சேமிப்பக டிரைவரை நம்புவதில்லை; கோளாறே அதில் இருக்கலாம். கணினி தொடங்கும்போதே அந்த டிரைவரின் தனிப் பிரதி ஒன்றை ஏற்றி வைத்திருந்து, அதன் வழியாக நினைவகத்தின் (ரேம்) நிலையை, அதற்குத் துணையாக வட்டில் ஒதுக்கப்பட்ட பேஜ் ஃபைல் என்ற கோப்புக்குள் எழுதுகிறது. அடுத்த முறை கணினி எழும்போதுதான் அது டம்ப் கோப்பாக வெளியே எடுக்கப்படுகிறது; நான் சொன்ன சான்று இதுதான். எஸ்எஸ்டி (சில்லு வகை வட்டு) அடிக்கடி எழுதுவதால் தேய்ந்துவிடும் என்று அஞ்சி பேஜ் ஃபைலை நிறுத்திவைப்பவர்களுக்கு டம்ப் கிடைக்காமல் போவது இதனால்தான். கிடைத்த டம்ப்பை வின்டிபக் என்ற ஆய்வு மென்பொருளில் திறந்தால் ஒரு டிரைவரின் பெயர் வரும். அதையும் உடனே குற்றவாளி என்று கொள்ளக் கூடாது. வேறொரு டிரைவர் கெடுத்துவைத்த நினைவகத்தைத் தொட்டதால் விழுந்த டிரைவராகவும் அது இருக்கலாம். டிரைவர்களைக் கடுமையாகச் சோதிக்கும் விண்டோஸ் கருவியான டிரைவர் வெரிஃபையரை இயக்கிவைத்துக் காத்திருந்தால், கெடுத்தது எது என்று பெரும்பாலும் பிடிபடும்.

'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' (தொடக்க வட்டை அணுக முடியவில்லை) என்ற பிழை வந்தாலும் வட்டுதான் பழுது என்று முடிவுசெய்ய முடியாது. மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்து, கணினியின் தொடக்க அமைப்புகளைக் கவனிக்கும் பயாஸில், வட்டோடு தொடர்புகொள்ளும் முறையான சாட்டா அமைப்பு 'ரெய்டு' என்பதிலிருந்து 'ஏஹெச்சிஐ' என்பதற்கு மாறிவிட்டாலும் அது வரும்; வட்டு நலமாகவே இருக்கும்.

முதல் சந்தேகம் தவறாகலாம், சான்றே வழிகாட்டும் என்பதற்கு வேறோர் இயங்குதளத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: 2018இல் லினக்ஸ் கெர்னலின் 4.19 பதிப்பு வெளிவந்தபின் பலருடைய கோப்புகள் சிதைந்தபோது, வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் மீதே முதலில் சந்தேகம் விழுந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கணினி அமைப்பை விவரமாக எழுதியனுப்பினார்கள். கெர்னல் மாற்றங்களைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். டிரைவர் 'இப்போது இயலாது' என்று திருப்பியனுப்பிய கோரிக்கையை வேறொரு கோரிக்கையோடு இணைத்துவிடும் பிழை, வட்டுக்குச் செல்லும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் பிஎல்கே-எம்க்யூ என்ற கெர்னல் பகுதியில் இருந்தது டிசம்பரில் தெரியவந்து, 4.19.8 பதிப்பில் திருத்தப்பட்டது.

நீலத்திரையின் குறியீட்டைக் கைபேசியில் படமெடுத்து, கணினி எழுமானால் விண்டோஸ் கோப்புறையிலுள்ள டம்ப் கோப்புகளை நகலெடுத்த பிறகே கடையில் கொடுக்குமாறு, தங்கள் நாளிதழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். முழு டம்ப்பில் கடவுச்சொற்களும் இருக்கக்கூடும் என்பதால் அதை நம்பகமானவரிடம் மட்டுமே தர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
திருச்சி