குழு அமைக்குமுன்: மகளுக்கு ஒரு கடிதம்

பண்டாரவளை

அன்பு மகளுக்கு,

உன் யோசனையைச் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. சரிவில் தேயிலை கைவிடப்பட்டுக் காடேறிக் கிடக்கும் காணிகளில் மரம் வைக்கலாம், காணிக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு அமைக்கலாம், அங்கே அவுஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் செய்ததுபோல இங்கேயும் செய்யலாம் என்கிறாய். செய்யலாம் பிள்ளை. ஆனால் கன்று வாங்கிப் பங்குபோட மட்டும் குழு கூட்டினால் இரண்டாவது மழைக்குள் அது கலைந்துவிடும். மரத்தை அளந்து, விலை பேசி, லொறியில் ஏற்றி அனுப்பும் நாள்வரை நிற்கிற குழு வேண்டும். உன் திட்டத்தில் நடுவதற்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறாய், விற்பதற்கு ஒரு வரிதான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ இருக்கும் நாட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1990களில் அங்கே மத்திய அரசு, தனியார் காணிகளில் மரம் வளர்ப்பதை ஊக்குவிக்கப் பிராந்தியக் குழுக்களுக்குப் பணம் கொடுத்தது. பண்ணைக்காரர், மர ஆலைக்காரர், உள்ளூராட்சி சபையார், மாநில அதிகாரிகள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எந்த மண்ணுக்கு எந்த மரம், எந்த ஆலை எதை வாங்கும் என்று பேசினார்கள். பிறகு அந்தக் குழுக்கள் தனியார் வனவியல் அபிவிருத்திக் குழுக்கள் என்று பெயர் மாறின. 1997இல் வந்த ‘2020 நோக்கு’ என்ற தேசியத் திட்டம், வளர்ப்புக் காடுகளை மூன்று மடங்காக்கி 30 இலட்சம் ஹெக்டயருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது. வரிச்சலுகையை நம்பிய முதலீட்டுக் கம்பனிகள் புகுந்து, காகிதக் கூழுக்கென்று யூகலிப்டஸ் நட்டுத் தள்ளின. 2009இல் டிம்பர்கோர்ப், கிரேட் சதர்ன் என்ற இரண்டு பெரிய கம்பனிகளும் அடுத்தடுத்து விழுந்தன. 30 இலட்சம் எட்டப்படவேயில்லை. இதில் நமக்கு உதவக்கூடியது ஒட்வே மலைப்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் 1990களிலிருந்து நடத்திவரும் வலையமைப்புத்தான். மரம் வளர்த்துப் பழகிய பண்ணைக்காரருக்குப் பயிற்சியும் கூலியும் கொடுத்துப் புதியவரின் காணிக்கு அனுப்புகிறார்கள். அவர் கூடவே நடந்து, பார்த்து, சொல்லிக்கொடுக்கிறார். இந்த முறை இங்கே அப்படியே பொருந்தும்.

இலங்கையிலும் இது புதிய கதை இல்லை. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டத்தோடு காடு முடிக்குரியதானது. மரம் என்றாலே அரசாங்கத்துடையது என்ற எண்ணம் அன்றிலிருந்து ஊறிப்போய்விட்டது. 1982இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் சமூக வனவியல் திட்டம் வந்தது. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை என்று நம் மலைநாட்டு மாவட்டங்களும் மட்டக்களப்பும் அதில் இருந்தன. விறகுப் பஞ்சம் வரும் என்று ஊர்ப் பொதுக் காணிகளில் விறகுத் தோப்பு போட்டார்கள். அது சரிவரவில்லை. வீட்டுத் தோட்டத்திலேயே விறகு கிடைக்கிறவர்கள் தூரத்துத் தோப்பைக் காவல் காக்க மாட்டார்கள். வெட்டும்போது யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. 1993இல் தொடங்கிய பங்கேற்பு வனவியல் திட்டம் அதிலிருந்து பாடம் படித்தது. தரங்குறைந்த அரச காணியைக் குடும்பம் குடும்பமாக 25 வருடக் குத்தகைக்குக் கொடுத்து, மரம் உங்களுடையது என்றார்கள். தன் பெயரில் உள்ள மரத்துக்குத்தான் மனிதன் களை பிடுங்குவான்.

இதற்கு நடுவில் 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசு நிறுத்தியது. அதோடு வீட்டுத் தோட்டத்துப் பலாவுக்கும் தேயிலைக்குள் நிழலுக்கு நிற்கும் சவுக்குக்கும் (கடற்கரைச் சவுக்கு அல்ல, கிரவில்லியா மரம்) விலை ஏறியது. இன்று மரக்காலைக்கு, அதாவது மரம் வாங்கி விற்கும் இடத்துக்கு, வரும் பலகையில் பெரும்பகுதி தனியார் காணிகளிலிருந்து வருகிறது. ஆக, வாங்க ஆள் இருக்கிறார்கள். நம்மிடம் இல்லாதது அளக்கத் தெரிந்த, பேரம் பேசத் தெரிந்த கூட்டம்.

இனி நம் காணிகளுக்கு வருகிறேன்.

கன்றுக்கு முன் கடதாசி. குழுவில் சேருகிற ஒவ்வொருவரும் காணி உறுதிப் பத்திரத்தையும் நில அளவைப் படத்தையும் கொண்டுவர வேண்டும். சிலரிடம் இருப்பது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அங்கே நட்ட மரத்தை வெட்டவும் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும், அதை இன்றே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எல்லைக் கல்லிலிருந்து குறைந்தது பத்து அடி உள்ளே தள்ளித்தான் முதல் வரிசை. எல்லையில் வைத்த கன்று இருபது வருடத்தில் இரண்டு வீட்டுக்கும் சண்டை மரமாகிவிடும்.

எந்த மரம் என்று கேட்டிருந்தாய். நம் உயரத்துக்கு, அதாவது 1,200 மீற்றர் அளவுக்கு, சவுக்குத்தான் முதுகெலும்பு. தேயிலை இன்னும் உயிரோடு இருக்கும் பக்கத்தில் அதை 20 அடிக்கு ஒன்றாக வைத்து, நிழல் கூடக்கூட ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து 40 அடிக்குக் கொண்டுவரலாம். டூனா நல்ல பலகை மரம், தளபாடக்காரர் தேடி வருவார்கள். ஆனால் குருத்துத் துளைப்பான் புழு அதன் எதிரி. நுனிக்குருத்துக்குள் புகுந்து தின்றுவிடும், மரம் நேராகப் போகாமல் நாலைந்து கிளையாக வெடிக்கும். வெட்டவெளியில் டூனாவை மட்டும் தனித் தோப்பாக நட்டால் தாக்குதல் மோசமாக இருக்கும். சவுக்கு கொஞ்சம் எழும்பிய பிறகு அதன் மெல்லிய நிழலில் ஏக்கருக்கு 40, 50 மட்டும் கலந்து வை. குருத்துப் போன கன்றில் வரும் தளிர்களில் நேரானதும் பலமானதுமான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரிக்க வேண்டும். முதல் சில வருடங்களில் இதைச் செய்தால் அடிமரம் தப்பும். பதுளைப் பக்கம் தாழ்ந்த காணி உள்ளவர்கள் மகோகனி கேட்பார்கள். அதற்கும் இதே புழு, இதே வைத்தியம். பலா கட்டாயம் சில மரங்கள் இருக்கட்டும், அது சோறும் தரும் பலகையும் தரும்.

யூகலிப்டஸ் வேண்டவே வேண்டாம் என்று அத்தை சொல்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வேகமாக வளரும், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புக்கு விறகு எப்போதும் வேண்டும். ஆனால் ஊற்றுக்கு மேலேயும் ஓடைக்கரையிலும் ஒன்றுகூட வைக்கக்கூடாது. உமா ஓயாத் திட்டத்துக்கு நீர்ச் சுரங்கம் தோண்டியபோது இந்தப் பக்கத்துக் கிணறுகள் வற்றியதை ஊர் மறக்கவில்லை. தண்ணீரில் கைவைக்கிற குழுவோடு ஒருத்தரும் சேரமாட்டார்கள். மேட்டு முகட்டில், மானாப்புல் மட்டும் முளைக்கிற காய்ந்த இடத்தில், காணியில் கால்வாசிக்கு மேற்படாமல் வைக்கலாம்.

நமக்கு நடுகை மழை ஒக்டோபரில் பிடிக்கும். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து உறவினர்கள் மே, ஜூனில் நடுவார்கள், அவர்களைப் பார்த்து நீ அவசரப்படாதே. செப்டம்பரில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் ஒன்றரை அடியாகக் குழி வெட்டி, மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவித்து ஆறவிட வேண்டும். மூடும்போது மேல்மண் அடியில் போகும். பத்தடிக்குப் பத்தடி வைத்தால் ஏக்கருக்கு 435 கன்று. வரிசை சரிவுக்குக் குறுக்கே போகவேண்டும், பழைய தேயிலைக் கான்களை (வடிகால்களை) மூடாமல் துப்புரவாக்கி அவற்றின் ஓரமாகவே குழிகளைப் போடு.

கன்று ஓரடியிலிருந்து ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். மூன்றடிக் கன்றை ஆசையாக வாங்குவார்கள், அதுதான் முதலில் சாகும். பையை உரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். வேர் பையின் அடியில் சுருண்டு சுருண்டு கயிற்றுப் பந்தாகக் கிடக்கும். அப்படியே நட்டால் நாலைந்து வருடம் பச்சையாக நின்றுவிட்டு ஒரு காற்றில் வேரோடு சாயும். சுருண்ட வேரைக் கத்தியால் நறுக்கிவிட்டு நடவேண்டும், மிகவும் முறுகியிருந்தால் கன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பையோடு நடுகிற கூலிக்காரர் எல்லா ஊரிலும் உண்டு, எனவே வெறும் பைகளை எண்ணிப் பார்த்த பிறகே சம்பளம் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் கன்றைச் சுற்றி மூன்றடி வட்டத்தில் புல் இருக்கக்கூடாது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வீசும் காய்ந்த காற்றில் மானாப்புல்லில் தீ வைத்தால் ஒரு பின்னேரத்தில் எல்லாம் போய்விடும். மே முடிவதற்குள் காணியைச் சுற்றிப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதை போட்டுவிட வேண்டும். ஆளுக்கொரு காணியாகத் தனித்தனியாகப் போட்டால் பயனில்லை, சரிவு முழுவதும் ஒரே கோடாகப் போகவேண்டும்.

நாற்றுமேடையை தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து 7 பேர்ச் அளவுச் சிறு காணியில் வீடு கட்டியிருக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது என் பிடிவாதமான விருப்பம். மரம் வளர்க்க அவர்களுக்கு இடமில்லை. ஆனால் நான்கு அங்குல அகலப் பை ஒரு சதுர அடியில் ஒன்பது நிற்கும். நாலடி அகலம், இருபத்தைந்து அடி நீளத்தில் ஒரு மேடை போட்டால் 900 கன்று. மலைநாட்டில் மரம் வளர்ப்பு பற்றிய பேச்செல்லாம் காணி உள்ளவனுக்கு மட்டும் என்று ஆகிவிடக்கூடாது. சவுக்கு விதையில் ஒரு கவனம் வேண்டும். காய் பழுப்பு நிறமாகி வெடிக்கிறதற்குச் சற்று முன் பறிக்காவிட்டால் காற்று கொண்டுபோய்விடும், பறித்த விதையும் அதிக நாள் தாங்காது. உடனே விதைக்க வேண்டும். கன்றை இலவசமாகக் கொடுக்கவே கூடாது. சிறு விலையாவது வை. இலவசக் கன்று குழி வெட்டாதவன் வீட்டு மூலையில் காய்ந்து கிடக்கும்.

நாலைந்து வருடத்தில் கோணலும் நோஞ்சலுமாக மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட வேண்டும். பத்து வருட அளவில் இன்னொரு முறை கலைத்து, கடைசியில் ஏக்கருக்கு 130 மரம் நின்றால் போதும். இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் மனம் வராது. நெருக்கமாக விட்டால் எல்லாம் கம்பாக நிற்கும், பலகை வராது. கலைத்த மரம் விறகுக்கும் பந்தல் கம்புக்கும் போகும்.

சரிவை ஒரேயடியாக மொட்டையடிக்கக் கூடாது என்பதை விதியாக எழுதிவை. மரத்தை வெட்டினாலும் வேர் கொஞ்ச காலம் மண்ணைப் பிடித்திருக்கும். மூன்று, ஐந்து வருடத்தில் வேர் உக்கிப்போகும், அப்போதுதான் சரிவு மிகப் பலவீனமாக இருக்கும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை எப்படி இறங்கியது என்று உனக்குத் தெரியும். அங்கங்கே தெரிந்தெடுத்து வெட்டி, வெட்டிய இடத்தில் அந்த மழையிலேயே கன்று வைக்க வேண்டும்.

இனி அளவு. மரக்காலைக் கணக்கு இதுதான்: கட்டையின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். நடுவில் 48 அங்குலச் சுற்றளவுள்ள 12 அடிக் கட்டை என்றால், நாலில் ஒன்று 12, பன்னிரண்டு பன்னிரண்டு 144, கணக்குக்கு 12 கன அடி. உண்மையில் அந்தக் கட்டைக்குள் 15 கன அடிக்குச் சற்று மேல் மரம் இருக்கிறது. சீவும்போது போகும் கழிவுக்கென்று இந்த முறையே ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழித்துவிடுகிறது. அதற்குமேல் வியாபாரி நாடாவை நுனிப்பக்கம் பிடித்து 40 அங்குலம் என்று வாசித்தால், அதே கட்டை சுமார் 8.3 கன அடியாகச் சுருங்கும். பிறகு பட்டைக்கென்று இன்னொரு கழிவு கேட்பார். நடுவில் அளக்கவேண்டும், கழிவு ஒரு முறைதான். இதைச் சொல்ல நாடாவோடு பக்கத்தில் இன்னொருவர் நிற்கவேண்டும். குழு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நீ இந்தக் கணக்கையே காட்டலாம்.

நிற்கிற மரத்தை மொத்தமாக விலை பேசி அச்சாரம் வாங்குவதை நிறுத்தவேண்டும். ஒருத்தரின் ஐந்து மரம் ஒரு லொறியை நிரப்பாது, அதனால்தான் அவர் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறார். நாலு காணிக்காரர் ஒரே வாரத்தில் வெட்டினால் லொறி நிறையும், மூன்று மரக்காலைகளில் விலை கேட்டுவிட்டுப் பேசலாம். கிளையும் விறகும் யாருக்கு, விழும்போது நசுங்கிய தேயிலைச் செடிக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் வெட்டுமுன் எழுத்தில் இருக்கட்டும். யூகலிப்டஸ் கட்டை வெயிலில் கிடந்தால் நுனி வெடிக்கும், வெட்டியவுடன் இரண்டு முனையிலும் பெயின்ட் அடித்து நிழலில் வைக்க வேண்டும்.

பலாவையும் ஈரப்பலாவையும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் அது. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். மரத்தை ஏற்றிப் போவதற்கு வனத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தனி. எந்த மரத்துக்குத் தேவை, எதற்கு விலக்கு என்பது வர்த்தமானியில் மாறிக்கொண்டிருக்கும், ஆகவே வெட்டுமுன் வட்டார வன அலுவலகத்தில் கேட்கவேண்டும். வெட்டிப்போட்ட பிறகு பத்திரத்துக்கு அலைந்தால் கட்டை மழையில் கிடக்கும், வியாபாரி விலையைக் குறைப்பார். ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமும் நட்ட வருடமும் எழுதிய ஒரு பதிவுப் புத்தகம் இருந்தால் அதிகாரி வந்து பார்க்கும் வேலையும் சுலபமாகும்.

நீ இப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். உன் திட்டத்தில் விற்பனைப் பகுதியை மறுபடி எழுதி அனுப்பு, ஒட்வே ஆட்கள் புதியவரின் காணிக்கு ஆள் அனுப்பும் ஒழுங்கையும் விசாரித்து அதில் சேர். சித்தப்பா உறுதிகளைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டார். நில அளவையாளர் ஓகஸ்டுக்குள் எல்லையைக் காட்டிவிட்டால்தான் செப்டம்பரில் குழி வெட்டலாம், அதனால் கடிதம் தாமதிக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா