யாருடைய பேப்பர் என்று பக்கத்திலேயே போடுங்கள்

தமிழ் நாளிதழ்கள், செய்திச் சேனல்களின் இணையப் பிரிவு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். செய்தியில் அரசியல் சாய்வு எந்த இடத்தில் இருக்கிறது என்று வாசகருக்குக் காட்டும் ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்), ஆபீஸ் முடிந்த இரவுகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது படிப்பது உங்கள் பக்கங்களைத்தான். உங்களிடம் சொல்லாமல் செய்வது சரியாகப் படவில்லை.

முதலில் நான் சறுக்கிய கதை. அமெரிக்காவில் ஆல்சைட்ஸ் என்ற தளம் 2012 முதல் ஊடகங்களை இடது, நடு, வலது என்று பிரித்துக் காட்டுகிறது. அதையே தமிழுக்குக் கொண்டுவர உட்கார்ந்தேன். மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிர் இடது, சரி. திமுகவின் முரசொலி? அதிமுகவுக்காகப் பேசும் நியூஸ் ஜெ? இவர்களுக்குள் நடப்பது இடது வலது சண்டையே இல்லை. அந்த அளவுகோலை அன்றைக்கே தூக்கிப் போட்டேன்.

அப்புறம் சொற்களைப் பிடித்தேன். 2021 மே மாதம் திமுக ஆட்சிக்கு வந்ததும் 'ஒன்றிய அரசு' என்ற சொல் பரவியது. சில ஏடுகள் எடுத்துக்கொண்டன; சில இன்றும் 'மத்திய அரசு' என்றே எழுதுகின்றன. இதை எண்ணினால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். 'மத்திய மேற்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு' என்ற வானிலைச் செய்திக்கு அரசியல் சாய்வு என்று கோடு போட்டது என் எக்ஸ்டென்ஷன். ஊராட்சி ஒன்றிய அலுவலகக் குடிநீர்ப் பிரச்சினை எதிரணியில் போய் உட்கார்ந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது பார்ப்பது வினைச்சொற்களை. ஒரே பேட்டிதான், ஒரு பக்கத்தில் அமைச்சர் 'விளக்கம் அளித்தார்', அடுத்ததில் 'மழுப்பினார்', இன்னொன்றில் 'சமாளித்தார்'. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்றில் '500 பேர்', மற்றதில் '500 பேர் மட்டுமே'. எண்ணில் பொய் இல்லை, அந்த 'மட்டுமே'வில்தான் எல்லாம். வழக்குச் செய்திகளில் யாருக்கு 'கைது செய்யப்பட்டார்', யாருக்கு 'பிடிபட்டான்' என்பது இன்னொன்று. ஆங்கிலச் செய்திக்காக எழுதிய கருவிக்கு இந்த ஆர், ஆன் விகுதிகள் கண்ணில் படவே படாது. என் எக்ஸ்டென்ஷன் இவற்றுக்கு அடிக்கோடு போடும். மதிப்பெண் போடாது, கட்சி நிறமும் பூசாது.

ஆனால் என் எக்ஸ்டென்ஷனால் முடியாத ஒரு வேலை இருக்கிறது. டீக்கடையில் பேப்பரை எடுக்கும் பெரியவருக்கு அது யாருடைய பேப்பர் என்று தெரியும். முரசொலியை விரிப்பவர் ஏமாறுவதில்லை, தெரிந்தேதான் விரிக்கிறார். கட்சி ஏடு மீது எனக்குப் புகாரே கிடையாது. அதே செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போது தலைப்பும் படமும் மட்டும் வருகின்றன, நாளிதழின் முகம் தொலைந்துபோகிறது. நடுநிலை என்று நெற்றியில் எழுதிக்கொண்டவர்களுக்கு இது ரொம்ப வசதி.

அச்சில் இதற்கு ஒரு வழி இருந்தது. 1956-ன் நாளிதழ் பதிவு விதிகளின்படி, பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் 'படிவம் 4' வந்தது: வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள். ஏலம், வரி விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் என்றாலும் அச்சானது. அதை உங்கள் இணையச் செய்தி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வரியாகப் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. கட்சித் தொடர்பு இருந்தால் அதையும் சேர்த்து. நீங்களே சொன்னால் என் எக்ஸ்டென்ஷன் அதை அப்படியே எடுத்து மேலே காட்டும். நான் ஊகித்து எழுதினால் தப்பாகும், உங்களுக்கும் கோபம் வரும்.

இன்னொன்று, தலைப்பை மாற்றினால் மாற்றிய நேரத்தைப் போடுங்கள். காலையில் 'ராஜினாமா' என்றிருந்தது மதியம் 'ராஜினாமாவா?' ஆகிறது. காலைத் தலைப்பைப் பகிர்ந்தவர் பொய்யராகிறார்.

பட்டியலில் இப்போது 63 வினைச்சொற்கள். கேட்கும் ஆசிரியருக்கு அனுப்புகிறேன். அநியாயம் என்று படுவதை அடித்து, காரணத்தை ஓரத்தில் எழுதி அனுப்புங்கள். 'சமாளித்தார்' விஷயத்தில் எனக்கே இன்னும் சந்தேகம்தான்.

இப்படிக்கு,
தினம் நாலு பேப்பர் படிக்கும் ஒரு புரோகிராமர்