அட்டவணையில் விடுபட்ட கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் பழைய கையடக்க கேம் கருவிகளுக்கான ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மெமரி கார்டில் கேம்களை ஏற்றி, அசல் கார்ட்ரிட்ஜுக்குப் பதிலாகக் கருவியில் செருகி ஆடுவதுதான் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ். தமிழ் நாளிதழ் ஒன்று இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே மகிழ்ச்சி. கட்டுரையோடு போட்டிருந்த அட்டவணைதான் வருத்தம் தந்தது. எவ்வளவு பெரிய மெமரி கார்டு போடலாம், எத்தனை கேம் அடங்கும், திரையில் பட்டியல் எப்படித் தெரியும் என்று மூன்று கட்டங்கள். ஆடியவர் பாதியில் சேவ் செய்துவிட்டு எழுந்த ஆட்டத்தை அந்தக் கார்ட்ரிட்ஜ் எப்படிக் காப்பாற்றி வைக்கிறது என்பதற்குக் கட்டமே இல்லை. வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நான் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவன். 31 ஆண்டுகளாக இதே வேலை. பட்டன் செல் மாற்றுவது ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வரும். அதனால்தான், சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேம் பாய் என்ற பழைய நிண்டெண்டோ கையடக்கக் கருவியின் கார்ட்ரிட்ஜ் ஒன்றை நீட்டி, "இதுக்குள்ள ஒரு செல் இருக்காம். இருபது வருஷம் ஆச்சு. தீர்ந்துபோறதுக்குள்ள மாத்திடலாமா?" என்று கேட்டபோது யோசிக்காமல் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். போக்கிமான் ரெட் என்ற கேம். அதைத் திறக்கச் சாதாரணத் திருப்புளி உதவாது, 3.8 மில்லிமீட்டர் அளவில் தனி முனை வேண்டும். அது என்னிடம் இருந்தது. உள்ளே நாணய வடிவில் 3 வோல்ட் செல், இரண்டு பக்கமும் உலோக நாக்கு வைத்துப் பலகையோடு பற்றவைத்திருந்தார்கள். பழைய செல்லைச் சூடு காட்டி எடுத்தேன், நாக்கு வைத்த புதிய செல்லைப் பொருத்தினேன், மீட்டர் வைத்து அளந்தேன். எல்லாம் சரி. அவர் கையில் கொண்டுவந்திருந்த கேம் பாயில் செருகிப் போட்டார். "கண்டினியூ" என்ற வரி இல்லை. "நியூ கேம்" என்பதில் தொடங்கியது பட்டியல்.

கடிகாரத்தில் செல்லை எடுத்தால் முள் நிற்கும். புதியதைப் போட்டு நேரம் திருத்தினால் முடிந்தது. இழப்பதற்கு அதில் எதுவும் கிடையாது. அந்தக் கார்ட்ரிட்ஜில் செல் சோறு போட்டுக்கொண்டிருந்தது 32 கிலோபைட் அளவுள்ள எஸ்ராம் என்ற நினைவுச் சில்லுக்கு. மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். நான் பழைய செல்லைக் கழற்றிய அந்த நொடியிலேயே அவர் இருபது வருடம் வைத்திருந்தது அழிந்துவிட்டது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டிருக்க வேண்டும். "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். வாங்க மனம் வரவில்லை.

அன்று இரவிலிருந்து இதைப் படிக்க ஆரம்பித்தேன். கார்ட்ரிட்ஜைக் கணினியோடு யுஎஸ்பி வழியாக இணைத்து, உள்ளே இருக்கும் கேமையும் சேவ் செய்ததையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து வைக்கும் சிறு கருவிகள் இருக்கின்றன. ஜிபிஎக்ஸ்கார்ட், ஜிபி ஆபரேட்டர் என்று பெயர். செல்லை மாற்றும் முன் சேவ் கோப்பை எடுத்து வைத்து, மாற்றிய பின் திரும்ப எழுதிவிடலாம். இரண்டு நிமிட வேலை. இப்போது யார் கார்ட்ரிட்ஜ் கொண்டுவந்தாலும் அதை முடிக்காமல் நான் சூட்டுக்கோலைத் தொடுவதில்லை.

எட்டு மாதம் கழித்து அதே மனிதர் மீண்டும் வந்தார். மற்ற ஐந்து கார்ட்ரிட்ஜ்களையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஐந்தையும் படியெடுத்துக் கொடுங்கள், அசலை அலமாரியில் வைத்துவிடுகிறேன், இனி ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில்தான் ஆடப்போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்டார். என்னிடமே வந்து கேட்டாரே என்பது இன்னமும் என் மனதில் நிற்கிறது. அவருக்காகத் தேடியபோது தெரிந்துகொண்டதைத்தான் உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

கருவி எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கேம் பாய்க்கு என்று செய்த ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் கேம் பாய், அதற்குப் பின் வந்த கேம் பாய் கலர், கேம் பாய் அட்வான்ஸ் மூன்றிலும் ஓடும். அட்வான்ஸுக்கு என்று செய்தது பழைய கேம் பாயில் ஓடாது; அதை அட்வான்ஸில் போட்டாலும் கேம் பாய் கேம்களை நேராக ஓட்டாது, போலச் செய்யும் மென்பொருள் வழியாகத்தான் காட்டும். அட்வான்ஸுக்கும் பின் வந்த நிண்டெண்டோ டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் செருகத் தனி வாய் உண்டு, டிஎஸ்ஐயில் இல்லை. கட்டுரையில் இவை எல்லாம் ஒரே வரிசையில் இருந்ததால், படித்த ஒருவர் தன் டிஎஸ்ஐக்கு அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜை வாங்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

இப்போது சேவ். ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் என்றாலே செல் தொல்லை தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பலவற்றில் உள்ளே அதே எஸ்ராம், அதே பட்டன் செல்தான். நீங்கள் சேவ் செய்தால் அது முதலில் எஸ்ராமில் விழுகிறது. அங்கிருந்து மெமரி கார்டுக்குப் போவது பிறகு நடக்கும்; சிலவற்றில் அடுத்த முறை கருவியைப் போடும்போதுதான் நடக்கும். இடையில் செல் தீர்ந்தால் ரெட்டுக்கு நடந்தது திரும்பவும் நடக்கும். ஆகவே செல் இருக்கிறதா, இருந்தால் கழற்றி மாட்டும்படி தாங்கியில் இருக்கிறதா, பற்றவைத்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேவுக்குச் செல்லே தேவைப்படாத வகையும் உண்டு. ஃபெராம் என்ற சில்லு, மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காது. ஈஇசட் ஃபிளாஷ் ஒமேகா டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜில் சேவுக்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள். செல்லோடு வாழ்க்கை நடத்துகிற நான் சொல்கிறேன், செல்லை நம்பாத சேவ் ஒரு படி மேல்.

டிஎஸ் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்களில் கதை வேறு. அங்கே சேவ் மெமரி கார்டிலேயே ஒரு கோப்பாக எழுதப்படும். எழுதி முடிவதற்குள் அணைத்துவிடாமல் இருந்தால் போதும். மாதம் ஒரு முறை அந்தக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றி வைப்பது நல்லது, ஏனென்றால் மெமரி கார்டும் ஒரு நாள் போகும்.

அவருடைய டப்பாவில் போக்கிமான் கோல்டு இருந்தது. அதைத் திறந்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. சிஆர்2025 செல்லுக்குப் பக்கத்தில், நான் தினமும் கையாளும் குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிர்வது; அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி. என் மேசையில் இருக்கும் ஒவ்வொரு குவார்ட்ஸ் கடிகாரமும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. கோல்டில் பகல், இரவு, கிழமை எல்லாம் உண்டு என்பதால் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு கடிகாரமே வைத்திருக்கிறார்கள். கேம் பாயை அணைத்து அலமாரியில் வைத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதனாலேயே அந்தச் செல் ரெட்டில் இருப்பதைவிடச் சீக்கிரம் தீரும். அவருடைய கோல்டில் செல் ஏற்கெனவே தீர்ந்து, சேவும் போயிருந்தது. அட்வான்ஸில் ஆடும் போக்கிமான் ரூபியும் டப்பாவில் இருந்தது. செல் வறண்டுவிட்டது, ஆடலாம், நேரம் சார்ந்தவை நடக்காது என்று அதுவே திரையில் சொன்னது. ஆனால் சேவ் பத்திரமாக இருந்தது. ரூபியில் சேவ் தங்குவது ஃபிளாஷ் சில்லில். செல் கடிகாரத்துக்கு மட்டும்தான். ஒரே வரிசை கேம்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு.

கோல்டு மாதிரியான கேம் ஆடுகிறவருக்கு ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜிலும் கடிகாரம் வேண்டும். எவர்டிரைவ் ஜிபி வரிசையில் எக்ஸ்3, எக்ஸ்5, எக்ஸ்7 என்று மூன்று வந்தன. கடிகாரம் எக்ஸ்7இல் மட்டும். உங்கள் அட்டவணையில் எக்ஸ்5, எக்ஸ்7 இரண்டுக்கும் ஒரே குறிப்பு எழுதியிருந்தது. அவர் எக்ஸ்7 வாங்கினார், கோல்டுக்காக.

மின்னழுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. கேம் பாய் கார்ட்ரிட்ஜ் வாயில் வருவது 5 வோல்ட். அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுக்கு 3.3 வோல்ட். மலிவாகச் செய்யும் சில கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களில் 3.3 வோல்ட் சில்லை எந்தத் தடுப்பும் இல்லாமல் 5 வோல்ட் கம்பியில் நேராகக் கோர்த்துவிடுகிறார்கள். உடனே எதுவும் ஆகாது. ஆனால் சில்லுக்கும் கேம் பாய்க்கும் அது நல்லதல்ல. கடிகாரத்தில் 1.5 வோல்ட் இடத்தில் 3 வோல்ட் செல்லை யாராவது திணித்துக் கொண்டுவந்தால் எனக்கு எப்படிப் பதறுமோ, அப்படித்தான் இதற்கும் பதறுகிறது. பலகையில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சில்லு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொரு வகை ஏமாற்று டிஎஸ் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்களில் நடக்கிறது. என் தம்பி மகன் ஆசையாக வாங்கிய ஒன்று ஒரு நாள் காலையில், மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. புதுப்பிக்க எந்தக் கோப்பும் எங்கும் கிடைக்கவில்லை. தயாரித்தவர்களே குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு இயங்காதபடி உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். டிஎஸ்ஸில் தேதியைப் பின்னால் தள்ளி வைத்தால் திரும்ப ஓடியது. அதுவே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. கடிகாரக்காரனாக இருந்ததால்தான் தேதியை மாற்றிப் பார்க்க எனக்குத் தோன்றியது. பிறகு வேறொருவர் எழுதிய மென்பொருளை ஏற்றிச் சரிசெய்தான். பழைய பிரபலமான பெயரை ஒட்டி வரும் நகல்களில் இது அடிக்கடி நடப்பது. உங்கள் கட்டுரை இதை ஒரு வரியிலாவது எச்சரித்திருக்கலாம்.

மெமரி கார்டின் அளவுக்கு ஒரு முழுக் கட்டம் தந்திருந்தீர்கள். அட்வான்ஸ் கேம் ஒன்றின் அதிகபட்ச அளவு 32 மெகாபைட். நூறு கேம் வைத்தாலும் 3,200 மெகாபைட்டைத் தாண்டாது. கோல்டு வெறும் 2 மெகாபைட். இதற்குப் பெரிய கார்டு எதற்கு? சிறியதாக, நம்பகமான ஒன்று போதும்.

நேர்மை பற்றியும் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான கேம்கள் ஏற்கெனவே ஏற்றப்பட்டு விற்கும் கார்ட்ரிட்ஜ்களைக் கட்டுரை "கூடுதல் வசதி" என்று எழுதியிருந்தது. அது வசதி அல்ல, திருட்டு. தானே காசு கொடுத்து வாங்கிய கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த படியை அதில் போடுவது ஒன்று; யாரோ ஏற்றித் தந்ததை வாங்குவது முற்றிலும் வேறொன்று. டிஎஸ் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்கள் விஷயத்தில் நிண்டெண்டோ தொடுத்த வழக்குகளில் 2009இல் டோக்கியோ நீதிமன்றமும் 2010இல் லண்டன் உயர் நீதிமன்றமும் விற்பனைக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் என்பதால் வாங்குகிறவர் தன் நாட்டு நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே சமயம் 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று சொல்கிறது. கையில் இருக்கும் கார்ட்ரிட்ஜ்களின் செல் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருக்கும்போது, வாங்கியவர் தன் பொருளைக் காப்பாற்ற நினைப்பதை நான் தவறென்று நினைக்கவில்லை.

கட்டுரை தொடாத இன்னொரு பயனும் உண்டு. என் தம்பி மகன் இப்போது கேம் பாய் கேம்கள் செய்ய உதவும் ஜிபி ஸ்டுடியோ என்ற மென்பொருளில் தானே ஒரு சின்ன கேம் செய்திருக்கிறான். ஒரு பையன் தொலைந்த சாவியைத் தேடி ஐந்து அறைகளில் அலைவது. கணினித் திரையில் பார்த்தபோது அவனுக்குத் திருப்தி இல்லை. எக்ஸ்7 வாங்கியவர் ஒரு மாலை தன் கார்ட்ரிட்ஜை இரவல் தந்தார். அந்தப் பச்சை நிறத் திரையில் தன் கேம் ஓடியதும் பையன் நெடுநேரம் பேசவே இல்லை. யாருடைய உரிமையையும் தொடாத இந்தப் பயனுக்காகவே ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் வாங்கலாம்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அட்டவணையைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள். சேவ் எங்கே தங்குகிறது, செல் உண்டா, மாற்ற முடியுமா, கடிகாரம் உண்டா என்ற நான்கையும் அதில் சேருங்கள். பழைய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் செல்லை மாற்றக் கொடுக்கும் முன் சேவ் கோப்பைப் படியெடுக்கச் சொல்ல வேண்டும் என்பதைக் கட்டம் போட்டு அச்சிடுங்கள். அந்த மனிதரின் ஐந்து கார்ட்ரிட்ஜ்களிலும் எந்தச் செல், எந்த வகைச் சேவ் என்று நான் எழுதி வைத்த குறிப்பு நோட்டில் இருக்கிறது. கேட்டால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் வாசகர்